தோற்றம், மறைவு, விளம்பர இடைவேளை

ராஜகீழ்ப்பாக்கம்
15 செப்டம்பர் 2025

அண்ணா,

"அம்மா, அதைக் கொளுத்தாதே" என்று நான் சொல்லவில்லை. பார்வையாளர் வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். "நாங்கள் பேசிக்கொண்டது இது இல்லை" என்றும் சொல்லவில்லை. "அவர் இறந்துவிட்டதாக உங்களுக்கு யார் சொன்னது?" என்று அந்தத் தொகுப்பாளரிடம் கேட்கவில்லை. கைதட்டச் சொல்லி ஒருவர் பலகையைத் தூக்கிக் காட்டியபோது தட்டாமல் இருந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். அங்கே எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு நீ அடுத்த வேலையைப் பார்ப்பாய். காகிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் உன் வளசரவாக்கத்து அறைக்குத் தபால்.

சனிக்கிழமை உன் டிவி படப்பிடிப்பில் நடந்ததை நீ கண்ணாடி அறைக்குள் திரைகளில் பார்த்தாய். நான் வெளியே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

குழந்தைகளின் நடனப் போட்டி. அதில் இது 'போர்ச் சுற்று'. இதற்கு முன்னால் கிராமியச் சுற்று, பின்னால் பேய்ச் சுற்று என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நம் அப்பா.

மேடையில் அட்டையால் செய்த பதுங்குகுழி. மணல் மூட்டைக்குப் பதிலாக, பணம் கொடுக்கிற மசாலா கம்பெனியின் சாக்குகளைப் பெயர் தெரியும்படி அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்து லைட்காரர் ஒருவர் கத்தினார்: "பாம் சவுண்டு கீது, ஸ்மோக்கு எங்கப்பா? குண்டு வுழுந்தா பொக வர வேணாமா?" அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

உடை பார்க்கிற பெண் அம்மாவிடம் ஒரு வெள்ளைப் புடவையை நீட்டினாள். "கேமராவுக்கு நல்லாருக்கும்மா." அம்மா, "எனக்கு எதுக்கும்மா வெள்ளை? அவரு வந்து பாத்தா திட்டுவாரு" என்று சொல்லிவிட்டுத் தன் பச்சைப் புடவையிலேயே மேடைக்குப் போனாள். அது போன கிறிஸ்துமஸுக்குத் தாம்பரத்தில் நான் வாங்கியது. நீங்கள் டிவிக்கு எழுதினால், இலங்கையிலிருந்து நம்மைப் படகில் ஏற்றும்போது அப்பா வாங்கித் தந்ததாகிவிடும்.

பிறகு உன் டைரக்டர், தினகரன் சார். "அம்மா, நீங்க எங்க தமிழே பேசுறீங்க. கொஞ்சம் உங்க ஊர்த் தமிழ்ல பேசுங்களேன். ஆடியன்ஸுக்கு டக்குனு கனெக்ட் ஆகும்." மண்டபம் அகதி முகாமை விட்டு வந்ததிலிருந்து காய்கறிக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் போலீஸ் பதிவிலும் பேசிப் பேசி அம்மா பழகிய தமிழ் அது. இந்த ஊரில் யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காகப் பழகியது. அது அவருக்குப் போதவில்லை.

குழந்தைகள் ஆடினார்கள். கன்னத்தில் சிவப்புச் சாயம். பார்த்துப் பார்த்துத் தைத்த கிழிசல். ஸ்நேகா என்ற ஒன்பது வயதுப் பெண் கடைசியில் குண்டடி பட்டு விழுகிறாள். நன்றாக ஆடுகிறாள், அதை மறுக்கமாட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவள் நம் அம்மாவிடம் ஓடிவந்து கேட்டது உனக்குக் கேட்டிருக்காது. "ஆன்ட்டி, நான் கரெக்டா செத்தேனா? ரிகர்சல்ல கண்ணு தொறந்துடுச்சுன்னு மாஸ்டர் திட்டினாரு." அம்மா அவள் கன்னத்துச் சாயத்தை முந்தானையால் துடைத்தாள். "எல்லாருக்கும் கண்ணு மூடாதும்மா" என்றாள்.

அம்மா எதற்காக வந்தாள் என்று உனக்குத் தெரியும். நிபந்தனையை உன்னிடம்தான் சொன்னாள். அப்பாவின் படத்தைக் காட்ட வேண்டும். மன்னார் மாவட்டம் அடம்பனைச் சேர்ந்த தேவானந்தம்; 2009 மே மாதம் படையினரின் பேருந்தில் ஏறியதைப் பார்த்தவர் உண்டு; அதன்பின் தகவல் இல்லை. இதைச் சொல்லி அம்மாவின் கைப்பேசி எண்ணைத் திரையில் போட வேண்டும். உலகம் முழுக்கப் பார்க்கிற நிகழ்ச்சி என்று நீ சொன்னாய். எங்காவது ஒரு சுவரில் ஒரு டிவி இருக்கும், அதற்கு எதிரே அவர் உட்கார்ந்திருப்பார் என்று அவள் நம்பினாள்.

படம் வந்தது. அதற்கு முன்னால் வெண்கலத் தட்டில் ஒரு மெழுகுவர்த்தி. தொகுப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க கையாலயே, அம்மா" என்று தீப்பெட்டியைக் கொடுத்தார்.

கல்லறைத் திருநாளில் அம்மா என்ன செய்வாள் என்று அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நீ. துடைப்பமும் வாளியுமாகப் போய் யார் யாருடைய கல்லறையையோ கழுவுவாள். வேறு ஊரில் இறந்தவர்களுக்காக எல்லோரும் நடுச்சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உபதேசியார் சவுரிமுத்து வருடாவருடம் அம்மாவிடமும் ஒன்றை நீட்டுவார். "அது செத்தவங்களுக்குத்தானே ஐயா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். இத்தனை வருடம் சாமியாருக்கும் உபதேசியாருக்கும் மறுத்ததை, நூறு பேர் பார்க்கிறார்களே என்ற மரியாதைக்காக அன்று செய்துவிட்டாள். முதல் குச்சி அணைந்தது; இன்னொன்றைக் கிழித்தாள். "எமோஷன் அள்ளுது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

இரண்டு கேட்கிறேன். மெழுகுவர்த்தியை வெட்டு. எண்ணைப் போடு.

ஜோவிதா

---

வளசரவாக்கம்
22 செப்டம்பர்

ஜோ,

என்னிடம் பேப்பர் இல்லை. ஷூட்டிங் ஆர்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்து அதற்கும் ஒரு கட்டுரை எழுதாதே.

நீ தூரத்தில் இருந்து பார்த்தாய். நான் அம்மா முகத்தை க்ளோஸப்பில் பார்த்தேன். படகு கிளம்பும்போது அப்பா உன்னைத் தூக்கி அம்மா மடியில் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றாராம். அப்பத்தாவைத் தனியாக விட முடியாது, பின்னால் வருகிறேன் என்றாராம். உனக்குத் தெரியுமா இது? எனக்கு அப்போது பத்து வயது, அதே படகில் இருந்தேன், எனக்கே ஞாபகம் இல்லை. நம்மிடம் சொல்லாததை அம்மா அந்த மேடையில் சொன்னாள். கண்ணாடி அறைக்கு டீ கொண்டுவந்தவர் டம்ளரோடு நின்றுவிட்டார். அதுவும் பொய்யா?

நீ ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறாய். உன் புத்தகத்தில் இதற்கு எத்தனை வரி? ஸ்நேகாவுக்கு இப்போது அப்படி ஒரு போர் நடந்தது என்று தெரியும். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் தெரியும். உன் கிளாஸில் நீ எங்கே பிறந்தாய் என்று ஒருத்தருக்காவது தெரியுமா? "நேட்டிவ் எது மிஸ்" என்றால் "ராம்நாடு பக்கம்" என்பாய். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நாங்கள் செய்வது டப்பாதான், ஒத்துக்கொள்கிறேன். நீ அந்த டப்பாகூடச் செய்யவில்லை.

மெழுகுவர்த்தி யாருடைய ஐடியாவும் இல்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். "சார், நாங்க கிறிஸ்டியன்ஸ்" என்று நான்தான் சொன்னேன். உடனே ஓடிப்போய் கேண்டில் வாங்கி வந்துவிட்டார்கள். நமக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு. நல்லதுக்குத்தான் சொன்னேன், ஜோ. சத்தியமாக அந்த நேரத்தில் எனக்குக் கல்லறைத் திருநாள் தோன்றவே இல்லை.

தினகரன் சாரிடம் பேசுகிறேன். அவர் மோசமானவர் இல்லை. அவரும் அழுதார்.

ஃபிரெடி

---

ராஜகீழ்ப்பாக்கம்
26 செப்டம்பர்

அண்ணா,

திருப்பிப் பார்த்தேன். "ஐட்டம் 7: போர் அம்மா, அழுகை, பிரேக். ஐட்டம் 8: மசாலா கேம்." கட்டுரை எழுதவில்லை. நீங்களே சுருக்கமாக எழுதிவிட்டீர்கள்.

'போர் அம்மா'வுக்கு ஞானசௌந்தரி என்று ஒரு பெயர் இருக்கிறது. ஓர் எழுத்து அதிகம்தான். தாளில் இடம் இல்லையோ என்னவோ.

ராம்நாடு பக்கம் என்று சொல்வேன், ஆமாம். உண்மையைச் சொன்னால் கேட்பவர்கள் அடுத்து வைத்துக்கொள்ளும் முகம் எனக்குத் தெரியும். தலையைச் சற்றுச் சாய்த்து, உதட்டை உள்ளே இழுத்து, "அய்யோ பாவம்" என்று தொடங்கும் முகம். உன் தொகுப்பாளர் ஒப்பனை அறைக் கண்ணாடி முன்னால் அதைத்தான் பழகிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அந்த முகத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பது கோழைத்தனம் என்றால் சரி. அதை விற்பதற்கு என்ன பெயர் என்று நீ சொல்.

டிவி போரைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடுகிறவர்களுக்குக் குறைந்தபட்சம் ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். "அம்மா, உங்களுக்கு இதில் என்ன வேண்டும்?" கேட்டார்களா? அவர்கள் கேட்காமலேயே அம்மா சொன்னாள். ஒருவரும் எழுதி வைக்கவில்லை. குத்துவிளக்கா மெழுகுவர்த்தியா என்று மதம் விசாரிக்கத் தெரிந்தது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. பின்னணியில் புல்லாங்குழல் வைத்தால் நுட்பம். இரண்டு புல்லாங்குழல் வைத்தால் வரலாறு.

தினகரன் சார் அழுதார் என்கிறாய். அது அவருக்குச் சம்பளத்தில் சேர்ந்த வேலை. ஒரே அழுகையைக் கோணம் மாற்றி இரண்டாவது தடவை அழுததை நான் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "லஞ்ச் பிரேக், பிரியாணி வந்தாச்சா?" என்றார்.

செருப்பு விஷயம் எனக்கும் தெரியாது. அதை அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கேட்டேன் என்பதை உன் உதவியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அம்மா கைப்பேசிக்கு ஒரு வருடத்துக்கான ரீசார்ஜ் செய்துவிட்டாள். சார்ஜரைச் சமையலறைக்கு மாற்றிவிட்டாள். தெரியாத எண் வந்தால் ஈரக் கையோடு ஓடுகிறாள். நேற்று ஏதோ கடன் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "நீங்கள் எங்கேயிருந்து கதைக்கிறீங்கள்?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். வீட்டுக்குள் மட்டும் பேசும் தமிழில். "நிகழ்ச்சியே இன்னும் வரலையே அம்மா" என்றேன். "அது வரேக்கை பழகியிருக்க வேணும் பிள்ளை" என்றாள்.

இப்போது உனக்கே தெரிகிறதல்லவா, இது என் கோபத்தைப் பற்றிய விஷயம் இல்லை என்று? எண்ணைப் போடு.

ஜோவிதா

---

வளசரவாக்கம்
13 அக்டோபர்

ஜோ,

தீபாவளி ஸ்பெஷலாகப் போகிறது. ஞாயிறு, 19ஆம் தேதி. சிரிக்காதே, தேதியை முடிவு செய்வது நான் இல்லை. மேலே எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

கேண்டில் ஷாட்டை எடுக்க முடியவில்லை. ப்ரோமோவில் ஏற்கெனவே போய்விட்டது. அதை வைத்துத்தான் விளம்பரமே விற்றார்களாம். சண்டை போட்டேன். நீ நம்பமாட்டாய், ஆனால் போட்டேன். தினகரன் சார், "இன்னா ஃபிரெடி, உங்க வூட்டு மேட்டர்னு சீன் போடுறியா? உன் கரியருக்குத்தான்டா பண்ணேன்" என்றார்.

ஆனால் எண் வருகிறது. "டன்" என்று சொல்லிவிட்டார். அம்மா பேசும்போது திரையின் அடியில் ஓடும். அம்மாவிடம் தைரியமாகச் சொல்.

இன்னொன்று. எடிட்டிங்கில் அப்பா படத்தைப் பெரிதாக்கினார்கள். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. உனக்குத் தெரியுமா? நாம் பார்த்ததெல்லாம் பாஸ்போர்ட் சைஸ். சுவர் அளவுக்கு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பிரதர், பிக்சல் உடையுதா?" என்று எடிட்டர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஃபிரெடி

---

ராஜகீழ்ப்பாக்கம்
21 அக்டோபர்

அண்ணா,

பார்த்தோம்.

தெருவில் வெடி. வழக்கமாகத் தீபாவளிக்கு முந்தின நாளே அம்மா கதவையெல்லாம் அடைத்துவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அன்று கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கைப்பேசி மடியில்.

அம்மா பேசிய பகுதி முழுவதும் கறுப்பு வெள்ளை. பச்சைப் புடவை காணாமல் போய்விட்டது. வெள்ளையும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஏதோ ஒரு சாம்பல். வெள்ளை கட்டமாட்டேன் என்று அவள் சொன்னதற்கு நீங்கள் கண்டுபிடித்த பதில் அது என்றால், பாராட்டுகிறேன். உங்கள் கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு மூளை இருக்கிறது.

நம் ஊர்த் தமிழில் பேசியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டீர்கள். "பேருந்தில் ஏத்தினதைக் கண்டவை இருக்கினம்" என்று அவள் சொன்னது இல்லை. அதற்குப் பதிலாக நடுவர் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எண் வந்தது. திரையின் அடியில் ஓடியது. அம்மா சட்டென்று எழுந்து கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தாள். "இது என்ரை நம்பர் இல்லையே பிள்ளை." ஸ்நேகாவுக்கு வாக்களிக்க வேண்டிய எண்.

பிறகு அப்பாவின் படம். அதன் இரண்டு பக்கமும் தங்க நிறக் கட்டம். தோற்றம் 1964. மறைவு 2009. மெழுகுவர்த்தி. அம்மாவின் கை. விளம்பர இடைவேளை.

அம்மா டிவியை அணைக்கவில்லை. மசாலா விளம்பரம் முழுவதையும் பார்த்தாள்.

கைப்பேசி அடித்தது. ஓடவில்லை, நடந்து போய் எடுத்தாள். டொரான்டோவிலிருந்து சித்தப்பா, அழுதுகொண்டே. இத்தனை நாள் மறைத்துவிட்டீர்களே அண்ணி, எந்தத் தேதி என்று சொல்லுங்கள், பூசை கொடுக்க வேண்டும் என்று. அன்றும் நேற்றும் அப்படித்தான் அழைப்புகள். அம்மா காத்திருந்த எல்லா நாடுகளிலிருந்தும் வந்தன.

நேற்று, தீபாவளியன்று, கீழ் வீட்டுத் திரிபுரசுந்தரி மாமி பட்சணத் தட்டோடு படியேறி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஞானம், நேத்து டிவியில பார்த்தேன். ஸ்வீட் கொடுக்கலாமா கூடாதான்னு தெரியல. உங்கள்ல எப்படியோ." பேசும்போது அவள் பார்வை அம்மாவின் கழுத்துக்குப் போனது. தாலிக்கு.

"குடுங்க மாமி" என்று அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்ல யாரும் சாகல."

மறைவு 2009. அந்த ஆண்டை உங்களுக்கு யார் கொடுத்தது? இதற்கு மட்டும் பதில் எழுது.

ஜோவிதா

---

வளசரவாக்கம்
27 அக்டோபர்

ஜோ,

நான்தான்.

கிராஃபிக்ஸில் ஒரே ஒரு டெம்ப்ளேட்தான் இருக்கிறது. தோற்றம், மறைவு என்று இரண்டு கட்டம். தெருமுனை போஸ்டரில் போடுவார்களே, அதேதான். "ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா அசிங்கமா தெரியுது பிரதர், கடைசியா பேசின வருஷம் எதுவோ சொல்லுங்க, போட்டுக்கறேன்" என்றார் கிராஃபிக்ஸ் ஆள். எபிசோடை அனுப்ப அரை மணி நேரம்கூட இல்லை. சொன்னேன். அது திரையில் எப்படித் தெரியும் என்று சொல்லும்போது யோசிக்கவில்லை. கட்டம் நிரம்ப வேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது.

எண் விஷயத்தில் தினகரன் சார் ஏமாற்றவில்லை. அடியில் ஒரு வரிதான் ஓடுமாம். வாக்களிக்கும் எண் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்.

அடுத்த சீசனுக்கு என்னை சீனியர் ஆக்கியிருக்கிறார்கள். இதை வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். வேலையை விட்டுவிடு என்று நீ எழுதுவாய். அறைக்கு வாடகை யார் கொடுப்பது? அம்மாவின் மாத்திரைக்கு? உன் பள்ளிக்கூடச் சம்பளமா?

அம்மா என் போனை எடுக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். வாளியை நான் தூக்குகிறேன்.

ஃபிரெடி

---

ராஜகீழ்ப்பாக்கம்
3 நவம்பர்

அண்ணா,

நீ வரவில்லை. இறுதிச் சுற்றுக்கு ஷூட்டிங் என்று ஒரு வரி எழுதி நடனப் போட்டியின் படம் போட்ட அட்டையை அனுப்பியிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். என் வகுப்பில் ஒருத்தி, "மிஸ், டிவியில வந்தது உங்க அம்மாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ உங்க நேட்டிவ் எது மிஸ்?" அடம்பன் என்றேன். வரைபடத்தில் இடத்தைக் காட்டினேன். நீ சொன்ன அந்த டப்பாவால் ஒரு நன்மை நடந்துவிட்டது என்று நீ மகிழ்வதற்குள் அவளுடைய அடுத்த கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "ஸ்நேகா நேர்ல எப்படி மிஸ் இருப்பா?"

நேற்று மாலை துடைப்பத்தோடும் வாளியோடும் போனோம். எங்களுக்கு முன்பே ஆட்கள் போயிருந்தார்கள். நடுச்சிலுவையின் அடியில் அப்பாவின் படம். திரையிலிருந்து எடுத்து, பெரிதாக்கி, லேமினேட் செய்து சாய்த்து வைத்திருந்தார்கள். தோற்றம், மறைவு, மூலையில் உங்கள் சானலின் சின்னம். முன்னால் ஒரு பெரிய மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

உபதேசியார் சவுரிமுத்து வந்து, "இந்த வருஷம் பங்கு மக்களே சேந்து ஏத்திட்டோம்மா. நீங்க தனியா கஷ்டப்பட வேணாம்" என்றார். நல்ல மனிதர். கண் கலங்கியிருந்தது. அவரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். படத்தை முந்தானையால் துடைத்தாள். இடது புருவத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "மாமரத்தாலை விழுந்தவர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதைப் பைக்குள் வைத்தாள். மெழுகு ஆறும்வரை நின்று, மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டாள். கரன்ட் போனால் ஆகும் என்றாள். பிறகு இருட்டும்வரை மற்றவர்களின் கல்லறைகளைக் கழுவினாள்.

உன் அழைப்பை அவள் எடுப்பதில்லை. தெரியாத எண்களை எடுக்கிறாள்.

ஜோவிதா